கிணறு என்று சொல்லி வளர்த்த குளம்

அன்புள்ள தம்பி,

நடுக்கடலில் காற்றாலைக்குக் கீழே நின்றுகொண்டு நீ அனுப்பிய செய்தி கிடைத்துச் சில கிழமை ஆகிறது. ஆங்கிலத்தில் இரண்டே இரண்டு கேள்வி. குளத்தை மூடியாச்சா என்பது ஒன்று. பெரியம்மாவுக்கு யார் சொன்னது என்பது மற்றது. அம்மா எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு சொல் இல்லை. இருக்கட்டும், ஸ்கொட்லாந்துக் குளிரில் விரல் விறைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். தொலைபேசியில் பதில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒரு கதையைத் தொடங்கினால் நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாய், கதை சூடு பிடிக்கிற நேரம் பார்த்து உனக்குச் சிக்னல் போய்விடும். அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் வயிற்றுக்குத்து என்று நீ நடித்தாய் அல்லவா, அதன் பலனாக இந்தக் கடிதத்தை நீயே எழுத்துக்கூட்டி வாசித்தால் தைப்பொங்கலுக்குத்தான் முடிப்பாய். ஆகவே இதை மலரின் கையில் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ வீட்டுக்கு வந்ததும் உன் மனைவியே உனக்கு வாசித்துக் காட்டட்டும். மலேசியாவில் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை, ஓர் எழுத்துப் பிசகாமல் வாசிப்பாள். மலர், இடையில் சிரித்துக் கெடுக்காதே.

குளம் மூடியாச்சா என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லலாம். சொல்ல மாட்டேன். நீ மூடச் சொன்னது உன்னை வளர்த்த குளத்தை. கொஞ்சம் பொறுத்துக் கேள்.

லண்டன் ஹவுன்ஸ்லோவில் இந்த வீட்டை நாங்கள் குளத்துக்காக வாங்கவில்லை. தலைக்கு மேலே விமானம் உரசிக்கொண்டு போகிறது, பின்வளவில் பச்சைத் தண்ணீர் நாறுகிறது என்று மற்றவர்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போனதால்தான் எங்களுக்குக் கிடைத்தது. அப்பாவுக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. எனக்கு விமானத்துக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் ஷிப்ட். வீட்டுக்குப் பின்னால் ஸ்விமிங் பூல் இருக்கிறது என்று வெளியில் சொல்ல அப்பாவுக்குக் கூச்சம். கண் பட்டுவிடும் என்ற பயம் ஒரு பக்கம். "பெட்டி தூக்கிறவருக்கு இப்ப பூலும் கேக்குதோ" என்று கோயிலில் யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பயம் மறு பக்கம். அதனால் யார் வந்தாலும் "பின்னாலை ஒரு கிணறு கிடக்கு" என்று சொல்லிவைத்தார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது கிணறு ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு கிணறு இருக்கிறது, விடுமுறையில் நான் அதற்குள்தான் இருப்பேன் என்று நீ பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்து, டீச்சர் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டு விசாரித்தது உனக்கு மறந்திருக்காது. அந்த அம்மாவுக்கு நான் படம் கீறித்தான் விளங்கப்படுத்தினேன்.

நீ நீந்தப் பழகுவதற்கு முந்திய கதை ஒன்றும் இருக்கிறது. உனக்கு அப்போது ஐந்து வயது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். நீளத் தடியில் வலை கட்டி இலை அள்ளுவோமே, அந்த வலையோடு நான் கரையில் நின்றேன். மிதந்து போன பந்தை எட்டிப் பிடிக்கப் போய் நீ உள்ளே விழுந்தாய். பெரிய சத்தம்கூட இல்லை. எனக்கு நீந்தத் தெரியாது. இறங்கினால் இரண்டு பேரும் போய்விடுவோம் என்று மட்டும் தெரிந்தது. கத்தினேன். வீடே இடிகிற மாதிரிக் கத்திக்கொண்டே கையிலிருந்த தடியை நீட்டினேன். நீ வலையைப் பிடித்தாய். இலையோடும் பந்தோடும் சேர்த்து உன்னை இழுத்து எடுத்தேன். தலையில் ஒரு மேப்பிள் இலை ஒட்டியிருக்க, "ஏனம்மா கத்துறீங்கள்?" என்று கேட்டாய். அதைச் சொல்லி நாங்கள் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறோம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த கிழமையே உன்னைக் கவுன்சில் நீச்சல் வகுப்பில் சேர்த்தோம். கொஞ்ச நாளில் உன்னைத் தண்ணீரை விட்டு வெளியே எடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. நான் மட்டும் அந்தத் தடியோடு கரையிலேயே நின்றுவிட்டேன். இத்தனை வருடமும் குளத்தைக் கூட்டினேன், இலை அள்ளினேன், துவாய் தோய்த்தேன், ஒரு நாளும் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

அப்படிப்பட்ட குளத்தை மண் போட்டு மூட வேண்டும் என்று மார்ச் மாதம் நீ அறிவித்தாய். "உங்களுக்கும் அப்பாக்கும் வயசு போகுது. நான் இஞ்சை ஸ்கொட்லாந்திலை நிக்கிறன். இந்த வருசம் ஆர் அதைத் திறக்கிறது? ஓர் ஆளோடை கதைச்சிட்டன், அவர் வந்து நிரப்பிப் புல்லும் போட்டுத் தருவார்" என்றாய். போன கோடையில் அதே குளத்தின் கரையில் படுத்துக்கொண்டு, இதை விட்டு எங்கேயும் போகமாட்டேன் என்று சொன்ன வாய் இது. என்ன நடந்தது என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாய். உன் குரல் ஒன்றுமில்லாதவன் குரலாக இல்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் பந்தயம் பிடிப்பேன் என்பது உனக்குத் தெரியும். மே மாதப் பாங்க் ஹொலிடேக்கு முந்திய சனிக்கிழமை உன் ஆள் வரட்டும், அன்றைக்குக் குளத்தின் அடி கண்ணுக்குத் தெரிந்தால் குளம் இருக்கும், தெரியாவிட்டால் மண்ணைக் கொட்டட்டும் என்றேன். நீ சிரித்துக்கொண்டு ஓம் என்றாய். கிழடுகள் இரண்டும் தோற்கும் என்ற நம்பிக்கை அந்தச் சிரிப்பில் நன்றாகவே கேட்டது.

ஒவ்வொரு வருடமும் குளத்தைத் திறப்பவன் நீ, பக்கத்தில் நின்று தேத்தண்ணி தருபவர்கள் நாங்கள். ஆகவே எங்கே தொடங்குவது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. மாரி முழுக்க மூடிக் கிடந்த கவரின் மேல் மழைத்தண்ணீரும் அழுகிய இலையும் ஒரு சின்னக் குளமாக நின்றன. அதை வாளி வாளியாக அள்ளி ஊற்றிவிட்டு, ஆளுக்கு ஒரு மூலையில் பிடித்து இழுத்தோம். உள்ளே பார்த்தால் கீரையைக் கடைந்து ஊற்றியது போல் கிடந்தது. நடுவில் ஒரு தவளை இருந்து, வீட்டுக்காரர் மாதிரி எங்களைப் பார்த்தது. அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இதுக்கேன் இவ்வளவு யோசினை? இறைச்சு விடுவம்" என்றார்.

"முழுக்கவோ?"

"பின்னை? கிணத்தை வருசத்துக்கு ஒருக்கா இறைக்காட்டில் தண்ணி பழுதாப் போகுமெல்லே."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களிடம் கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொல்லிப் பார், எல்லோரும் இதையேதான் சொல்வார்கள். இறை, அடியைக் கழுவு, புதுத் தண்ணீர் தானாக ஊறும். ஹவுன்ஸ்லோவில் எது ஊறும் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துப் பார்க்கவில்லை. அப்பா தன் சிநேகிதர் ஒருவரிடம் பம்ப் வாங்கி வந்து பூட்டிவிட்டு, தண்ணீர் கடகடவென்று போகிற சந்தோஷத்தில் உள்ளே போய்ச் சாய்ந்துகொண்டார். நான் உடுப்புக் காயப்போட வந்தபோது பாதித் தண்ணீர் போயிருந்தது. அடியில் விரித்திருக்கிற நீல பிளாஸ்டிக் சீட் அங்கங்கே பொம்மிக்கொண்டு மேலே எழும்பியிருந்தது. கீழே யாரோ படுத்திருந்து புரள்வது போல் இருந்தது. உனக்குப் போன் எடுத்தேன், நீ கடலில். மலருக்கு எடுத்து, வீடியோவில் அதைக் காட்டினேன்.

"அத்தை, பம்ப நிறுத்துங்க! உடனே நிறுத்துங்க!" என்று கத்தினாள். பிறகு தன் கணினியில் எதையோ தேடி வாசித்துக்கொண்டே சொன்னாள். லண்டன் களிமண் மாரி முழுக்கத் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பி நிற்கிறதாம். குளத்துக்குள் இருக்கிற தண்ணீரின் பாரம்தான் அதை வெளியில் அமுக்கி வைத்திருக்கிறதாம். உள்ளே வெறுமையானால் வெளித் தண்ணீர் சீட்டையும் தரையையும் மேலே தள்ளுமாம். அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, கிணற்றில் அப்படி நடக்காதே என்றார்.

"மாமா, இது கிணறு இல்ல மாமா" என்றாள் மலர்.

இத்தனை வருடத்தில் அதை அவருக்கு முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் அவள்தான். அப்பா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு போய்ப் பூமரத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸைக் கொண்டு வந்து குளத்துக்குள் போட்டுத் திறந்தார். மறுநாள் வரை தண்ணீர் ஓடியது. பாரம் ஏற ஏறச் சீட் மெல்ல மெல்லப் படிந்தது. ஆழம் குறைந்த பக்கத்தில் ஒரேயொரு சுருக்கம் மட்டும் போகவில்லை, இன்னமும் இருக்கிறது. அந்தச் சுருக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள். பிறகு அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

அடுத்த நாளே மலர் கிங்ஸ்பரியில் உங்கள் வீட்டிலிருந்து வந்து இறங்கினாள். வருகிற வழியில் சவுத்தாலில் நிறுத்தி, மொத்தக் கடையில் நான் சொன்னபடி பெரிய பொதி ஒன்றும் வாங்கி வந்திருந்தாள். அந்தப் பொதியின் கதை இதுதான். தண்ணீரில் தோய்த்தால் நிறம் மாறுகிற சின்னக் கடதாசித் துண்டை எப்படிப் பார்ப்பது என்று அவள் வீடியோவில் காட்ட, நான் தோய்த்துப் பார்த்தேன். எல்லாம் தாறுமாறு. "முதல்ல தண்ணிக்கு ஒரு பிடிமானம் வேணும் அத்தை. அது இல்லன்னா காலையில ஒண்ணு காட்டும், சாயங்காலம் ஒண்ணு காட்டும். என்ன போட்டாலும் நிக்காது" என்றாள். அதற்கு ஒரு மருந்தின் பெயரைச் சொன்னாள். என்ன மருந்து என்று பார்த்தால், நான் குசினியில் டப்பாவில் வைத்திருக்கிற அப்பச்சோடா! கடைக்காரர் எத்தனை பேருக்கு விருந்து என்று மலரைக் கேட்டாராம். நான் வாளியில் கரைத்துக் குளத்தைச் சுற்றி ஊற்றிக்கொண்டு வர, அப்பா கதிரையில் இருந்தபடி, "இஞ்சேரும், எத்தினை அப்பம் சுடப்போறீர்?" என்று கேட்டார். கிணற்று அவமானத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் பகிடி அது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

தம்பி, மலர் அன்றைக்குச் சொல்லித்தந்த ஒரு விஷயத்தை நான் உனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் பொதி முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டப் போனேன். விடவில்லை. கொஞ்சம் போட்டு, பம்பை ஓட விட்டு, தண்ணீர் கலந்து முடியும் வரை பொறுத்து, திரும்பத் தோய்த்துப் பார்த்த பிறகுதான் அடுத்த வாளி. புளிப்பும் காரமும் சரியான இடத்தில் வந்து நின்ற பிறகுதான் குளோரின். அதற்கு முன் போட்டால் பாதி வீண். நீ இருக்கிறாயே, உனக்கு ஒரு விஷயம் மனதில் பட்டால் அன்றைக்கே ஆளைப் பிடித்து, நாள் குறித்து, எல்லாவற்றையும் கொட்டி முடித்துவிடுவாய். மற்றவர்கள் கலந்து தெளிய நேரம் தரமாட்டாய். மலர் அதற்கு நேர்மாறு, எதையும் வெளியே காட்டாமல் உள்ளேயே வைத்திருப்பாள். மலர், இந்த இடத்தைத் தாண்டிப் போகலாம் என்று பார்க்காதே, இதையும் சத்தமாக வாசி. கலியாணம் முடித்த புதிதில் அப்பாவும் நானும் ஷிப்ட் மாறி மாறி வேலை செய்தோம். பேருந்து நிறுத்தத்தில் ஐந்து நிமிடம்தான் சந்திப்போம். அந்த ஐந்து நிமிடத்துக்குள் ஒரு கிழமைச் சண்டையை முடிக்கப் பார்ப்பேன். பேருந்து வந்துவிடும். சண்டை பாதியில் நிற்கும். அடுத்த நாள் பார்த்தால் அதில் பாதி தானாகவே கரைந்து போயிருக்கும். எனக்குப் பொறுமை வந்தது அந்த நிறுத்தத்தில்தான்.

வெயில் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் பொழுது பட்ட பிறகு போட்டோம். அப்பாவின் பழைய வேலைக் கையுறையை நான் மாட்டிக்கொண்டேன். மலர் முகத்தைத் துணியால் பொத்திக்கொண்டு வேலியோரம் தள்ளி நின்று, எவ்வளவு, எங்கே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மணம் ஒத்துவரவில்லை என்றாள். இரவுச் சாப்பாட்டுக்கு நான் ஆட்டிறைச்சிக் கறி வைத்தேன், அவள் வெறும் கிறீம் கிறாக்கர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பயணக் களைப்பு என்றாள். நானும் நம்பினேன். பிள்ளை பெற்று வளர்த்தவள் நான், ஆனால் அந்த நேரம் என் கண்ணெல்லாம் தண்ணீரில்தான் இருந்தது. பக்கத்தில் நிற்கிற பிள்ளையைப் பார்க்கவில்லை.

காலையில் ஓடிப்போய்ப் பார்த்தால் பச்சை போய்விட்டது. ஆனால் குளம் முழுக்கப் பால் மாதிரி வெள்ளை. அப்பா தலையில் கை வைத்தார். "பச்சைக்குள்ளையும் அடி தெரியேல்லை. வெள்ளைக்குள்ளையும் அடி தெரியேல்லை. பெடியன் வெல்லப் போறான்" என்றார். சனிக்கிழமைக்கு அதிக நாள் இருக்கவில்லை. இரவும் பகலும் பம்ப் ஓடியது. வடிகட்டியைத் திருப்பிக் கழுவுகிற வேலை அப்பாவுடையது, சுவரைத் தேய்க்கிற வேலை என்னுடையது. வெள்ளை கொஞ்சம் குறைந்ததே தவிரப் போகவில்லை. வியாழக்கிழமை வேலை முடிந்து வந்த மலர் ஒரு போத்தலை நீட்டினாள். தண்ணீரில் கலங்கியிருக்கிற தூசை எல்லாம் ஒன்றாகத் திரட்டி அடியில் படியவைக்குமாம். அவள் விளக்கிக்கொண்டு போகப் போக எனக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. "பிள்ளை, இது எங்கட படிகாரமெல்லே! கலங்கல் தண்ணிக்கு நாங்கள் போடுறது" என்றேன். "ஆமா அத்தை, கிட்டத்தட்ட அந்தக் குடும்பம்தான்" என்றாள். கிணற்றுக்காரர் முற்றாகத் தோற்கவில்லை என்ற திருப்தி அப்பாவின் முகத்தில் தெரிந்தது. அன்றிரவு பம்பை நிறுத்திக் குளத்தை அசையாமல் விட்டோம். வெள்ளிக்கிழமை அடியில் மா பூசியது போல் ஒரு படை படிந்திருந்தது. கலங்கிவிடாமல் மெல்ல மெல்லக் குழாயைத் தள்ளி அதை உறிஞ்சி வெளியே விட்டேன். நான் அவ்வளவு பொறுமையாக எதையும் செய்ததில்லை. உன் கலியாணப் பலகாரம்கூட அவசரத்தில்தான் சுட்டேன்.

சனிக்கிழமை வெயில் எறித்தது. ஆழமான பக்கத்தில் அடியில் இருக்கிற வடிகால் மூடியின் ஆணிகூடத் தெரிந்தது. போன வருடம் காணாமல் போன என் தேக்கரண்டியும் தெரிந்தது. உன் ஆள் அளவு நாடாவோடு வந்து, கரையில் நின்று, முன்னும் பின்னும் பார்த்தார். வேறு வீட்டுக்கு வந்துவிட்டேனோ என்று கேட்டார். சேற்றுக்குழி ஒன்று கிடக்கிறது என்றல்லவா நீ அவரிடம் சொல்லியிருக்கிறாய்! பந்தயக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வேலைக்கு நேரம் இருக்கிறது, காலை மட்டும் நனைக்கலாமா என்று கேட்டார். காற்சட்டையை மடித்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து, தேத்தண்ணியும் என் ரோல்ஸும் முடித்துவிட்டுத்தான் போனார். அப்பா உற்சாகம் தாங்காமல் உள்ளேயே இறங்கிவிட்டார். ஹீட்டர் முதல் நாள்தான் போட்டது, தண்ணீர் ஐஸ். அவர் போட்ட கூச்சலுக்கு மேலே போன விமானமே திரும்பிப் பார்த்திருக்கும்.

இனி உன் இரண்டாவது கேள்வி. அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா ரொறொன்ரோவிலிருந்து வீடியோவில் வந்தாள். நான் குளத்தைக் காட்டினேன், அப்பாவைக் காட்டினேன், கரையில் நின்ற மலரைக் காட்டினேன். "மலரெல்லே நீச்சல்காரி? அவ ஏன் கரையிலை நிக்கிறா?" என்று பெரியம்மா கேட்டாள். நான் ஒரு கையில் பிரஷ், ஒரு கையில் போன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அவ முழுகாமல் இருக்கிறா அக்கா."

தண்ணீரில் இறங்கவில்லை என்றுதான் சொல்ல வந்தேன், சத்தியமாக. சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. வயிற்றில் பிள்ளை என்று சொல்ல நம் ஆட்கள் காலங்காலமாகச் சொல்லுகிற அதே சொல்! பெரியம்மா போட்ட சத்தத்தில் தவளை வேலிக்கு அப்பால் போனது. ஐயோ இல்லை அக்கா, அது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மலரின் கையிலிருந்த சோதனைத் துண்டு டப்பா கீழே விழுந்தது. மாமி என்பதற்கு அவள் அத்தை என்பாள். ஓம் என்பதற்கு ஆமா என்பாள். எங்கள் தமிழுக்கும் அவள் தமிழுக்கும் நாள்தோறும் இழுபறி. இந்த ஒரு சொல்லில் மட்டும் இரண்டு ஊரும் ஒற்றுமை.

"அத்தை... உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

பெரியம்மா அதையும் கேட்டுவிட்டாள். ஆகவே, பெரியம்மாவுக்குச் சொன்னது நான், எனக்குச் சொன்னது மலர், இரண்டு பேரும் சொல்ல நினைக்கவேயில்லை. ஸ்கானுக்கு முந்தி ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று நீங்கள் வைத்திருந்த தீர்மானம் ஒரு வினையெச்சத்தில் போய்விட்டது. கோபிக்க வேண்டுமென்றால் தமிழைக் கோபி.

போனை அணைத்துவிட்டு மலரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அப்பா நனைந்தபடியே ஓடி வந்து, அவளைத் தொடவும் பயந்து, பக்கத்தில் நின்று நடுங்கினார். குளிரா சந்தோஷமா என்று தெரியவில்லை. மூன்று பேரும் அழுதோம், சிரித்தோம். எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை தம்பி. அதற்குப் பிறகு, கரையில் இரண்டு கதிரை போட்டு உட்கார்ந்தபோது, நீ ஏன் குளத்தை மூடச் சொன்னாய் என்று மலர் சொன்னாள்.

"அவருக்குப் பயம் அத்தை. பிள்ளை தண்ணில விழுற மாதிரிக் கனவு வருதாம். சின்ன வயசுல அவர் விழுந்தாராமே? அந்தத் தண்ணி ஞாபகம் இல்லையாம். வலை ஞாபகம் இல்லையாம். நீங்க கத்தின சத்தம் மட்டும்தான் ஞாபகம் இருக்காம்."

தலையில் இலையோடு கேள்வி கேட்ட பிள்ளை என்றுதான் உன்னை இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அந்தச் சத்தத்தை நீ உள்ளே வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உன்னிடம் பந்தயம் பிடித்திருக்க மாட்டேன். தகப்பனாகப் போகிறவனின் பயத்தைப் பந்தயத்தில் வெல்ல முடியாது. ஆகையால், குளம் மூடவில்லை, பந்தயத்தில் நீ தோற்றாய், ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்து நீயே முடிவு சொல். மூடத்தான் வேண்டும் என்றால் உன் ஆளை நானே கூப்பிடுகிறேன். அதற்கு முன் இன்னும் கொஞ்சம் கேள். குளத்தைச் சுற்றி உயரமான வேலி போட அப்பா ஆளிடம் சொல்லிவிட்டார். தானாகப் பூட்டிக்கொள்கிற படலை, அதன் கொக்கி பெரியவர்கள் கை எட்டுகிற உயரத்தில். பிள்ளை நடக்கத் தொடங்கும் முன் எல்லாம் நிற்கும். பேசப் பழகும் முன்பே நீந்தப் பழக்கலாம் என்று மலர் சொல்கிறாள்.

இன்னுமொன்று. தண்ணீர் சூடானதும் மலரிடம் எனக்கு நீந்தப் பழக்கு என்று கேட்டேன். முழங்கை வரை கையும் முழங்கால் வரை காலும் உள்ள நீச்சலுடை ஒன்றைத் தேடிப் பிடித்தாள். அதைப் போட்டுக்கொண்டு நான் வெளியே வந்தபோது அப்பா சிரித்த சிரிப்புக்கு மூன்று நாள் அவருக்குப் பழஞ்சோறுதான். மலர் கரையில் இருந்துகொண்டு இலை அள்ளுகிற தடியை நீட்டினாள். நான் வலையைப் பிடித்துக்கொண்டு, காலை உதைத்து, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போக, ஆழம் குறைந்த பக்கத்தில் கிடந்து அடித்தேன். பயம் வரும்போதெல்லாம் காலால் அந்தச் சீட்டின் சுருக்கத்தைத் தேடுவேன். அது தட்டுப்பட்டால் நிலம் இருக்கிறது என்று அர்த்தம். அப்பாவின் கிணற்று இறைப்பால் வந்த ஒரே நன்மை. ஒவ்வொரு பின்னேரமும் வேலை முடிந்து மலர் வருவாள், தடியை நீட்டுவாள், "அத்தை, கழுத்தத் தளர விடுங்க, தண்ணி உங்களத் தாங்கும்" என்பாள். தாங்கும் என்று நம்ப எனக்கு நிறைய நாள் எடுத்தது.

அதுவரை குளத்தைப் பற்றி உனக்கு மூச்சுவிடக்கூடாது என்று மலரையும் உன் ஆளையும் கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்றுப் பின்னேரம் தடியை விட்டுவிட்டேன். சுருக்கத்தைத் தாண்டி, கால் எட்டாத பக்கத்துக்குப் போய், அடியில் கிடந்த மூடியின் ஆணிகளைப் பார்த்துக்கொண்டு மறு கரையைத் தொட்டேன். அழகாக நீந்தினேன் என்று சொல்லமாட்டேன், அப்பா எடுத்த வீடியோவைப் பார்த்தால் நீயே தெரிந்துகொள்வாய். ஆனால் போனேன், திரும்பியும் வந்தேன். மலர், இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி அவன் முகத்தைப் பார். பார்த்துவிட்டு மிச்சத்தை வாசி.

தம்பி, உன் பிள்ளை ஒரு நாளும் அந்தத் தண்ணீரில் விழாது. வேலி வரும், பூட்டு வரும், நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். அதையும் மீறி விழுந்தால், கரையில் நின்று கத்துவதற்கு இந்த வீட்டில் இனி ஆள் இல்லை. நான் தண்ணீருக்குள் இருப்பேன்.

அம்மா